சாம்பலில் கணக்கெடுப்போர்

காண்டவ வனம் எரிந்த கதையைக் காலட்சேபத்திலே கேட்டிருப்பீர்கள், தோழர்களே! அக்கினி பகவானுக்குப் பசியாம். அந்தப் பசிக்குக் காட்டையே இலையாக விரித்துப் பந்தி போட்டனராம். ஒருபுறம் கண்ணன், மறுபுறம் அர்ச்சுனன். தேரேறி நின்று, தப்பியோடிய உயிர்களையெல்லாம் திருப்பி நெருப்புக்குள்ளேயே தள்ளினராம். நாகர்கள் வெந்தனர், பறவைகள் வெந்தன, மான் வெந்தது, மரம் வெந்தது. பகவான் பசியாறினார், கதை முடிந்தது, மங்களம் பாடியாயிற்று!

எத்தனை மரம் கருகிற்று? எந்த மரம் பிழைத்தது? அடுத்த மழைக்கு எது துளிர்த்தது? புராணிகர் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தேவை தேவனின் ஏப்பம். காட்டின் கணக்கா தேவை?

அந்தக் கணக்கை எடுப்பதற்கென்றே இன்று ஒரு கூட்டம் இருக்கிறது. காக்கிச் சட்டை போட்ட அதிகாரிகள் அல்லர். மேடையேறிப் பேசும் பேராசிரியர்களும் அல்லர். கையிலே நாடா, தோளிலே பை, காலிலே அட்டைக்கும் உண்ணிக்கும் அஞ்சி இறுக்கிக் கட்டிய துணி. தீ அணைந்து சாம்பல் ஆறியதும் காட்டுக்குள் நுழைகிறவர்கள். ஆய்வுக் களப்பணியாளர் என்று ஏட்டிலே எழுதுவார்கள். ஊரிலே கேட்டால், "காட்டுல மரம் எண்ணப் போறவரு" என்பார்கள். ஊரார் சொல்வதுதான் சரியான பெயர் என்பேன்.

எங்கே எண்ணுகிறார்கள்? நீலகிரிச் சரிவிலே, முதுமலையிலே! பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், யானைகளை ஆராய்ந்து பெயர்பெற்ற பேராசிரியர் சுகுமாரின் முயற்சியால், 1988-ஆம் ஆண்டு அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து எல்லை குறித்தனர். நீளம் ஒரு கிலோமீட்டர், அகலம் அரைக் கிலோமீட்டர். அதை 20 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் 1,250 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும், நெஞ்சளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், ஒரு சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் எண் தகடு. சுண்டுவிரல் பருமனுள்ள செடிக்கும் எண் உண்டு, கட்டிப் பிடிக்க முடியாத மருதத்துக்கும் எண் உண்டு! முதல் கணக்கெடுப்பிலே ஏறத்தாழ 26 ஆயிரம் தண்டுகள். நம் ஊர்களிலே மனிதர்க்கு எடுக்கும் குடிக்கணக்கு பத்தாண்டுக்கு ஒருமுறை. அதுவும் 2021-இல் எடுக்க வேண்டியதை எடுக்காமல் தள்ளிப் போட்டனர். முதுமலை மரங்களுக்கோ ஆண்டுதோறும் பிறப்பு இறப்புப் பதிவு, நான்காண்டுக்கு ஒருமுறை பருமன் அளவு! மரமாகப் பிறந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

அந்த வேலை எளிதென்று எண்ணாதீர்கள். எண் தகட்டை யானை பிய்த்தெறியும். தீயிலே தகடு உருகும். அப்போது கட்ட வரைபடத்தை விரித்து, இந்த மூலையிலிருந்து இத்தனை மீட்டர், அந்த மூலையிலிருந்து அத்தனை மீட்டர் என்று அளந்து, கருகி நிற்கும் கட்டை முன்பு யாராக இருந்தது என்று கண்டறிய வேண்டும். இலை இல்லை, பூ இல்லை, கரிதான் இருக்கிறது. பட்டையைக் கீறி, வெட்டுவாயின் நிறம் பார்த்து, முகர்ந்து, "இது வெக்காலி", "இது கருமருது" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பட்டம் பெற்றவராக இருப்பதில்லை. அந்தக் காட்டிலேயே பிறந்த குறும்பர் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறார். முன்னே நடந்து, யானை நிற்கிறதா என்று காற்றிலே மோப்பம் பார்ப்பவரும் அவரே. மரத்துக்குப் பெயர் சொல்பவரும் அவரே.

இத்தனை பாடுபட்டு என்ன கண்டார்கள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நம் வறண்ட இலையுதிர் காட்டிலே தீ பெரும்பாலும் தரையோடு ஓடும். மாசி, பங்குனியில் உதிர்ந்த சருகும் ஆளுயரக் காய்ந்த புல்லும்தான் அதற்கு இரை. பெரிய மரத்துக்குத் தடித்த பட்டை கவசம். உள்ளே உயிரோட்டம் தப்பிவிடும். மண்ணுக்குள் சில அங்குலம் போனால் அத்தனை சூடு இல்லை. ஆகவே மெல்லிய கன்றின் தண்டு கருகினாலும் வேர் பல வேளை பிழைத்திருக்கும். மழை விழுந்ததும் அடியிலிருந்து முளைவிடும். இதனால்தான் தீ அணைந்த மறுநாளே "செத்தது" என்று எழுதக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். ஒரு மழைக்காலம் பொறுத்து, மறுபடி போய், குனிந்து, சாம்பலைக் கையால் விலக்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் முளைத்த கன்றுக்கு அவகாசம் வேண்டாமா? பட்டை தடிக்கும் முன்னே அடுத்த தீ வந்தால்? மீண்டும் கருகும். மீண்டும் முளைக்கும். மீண்டும் கருகும்! வேரிலே சேமித்த சத்து ஒருநாள் தீர்ந்துபோகும். சாலையிலே காரில் போகிறவர் கண்ணுக்கு ஓங்கி வளர்ந்த மரங்கள் தெரியும், "ஆகா, என்ன வளமான காடு!" என்பார். கணக்கேட்டைப் புரட்டியவருக்குத்தான் தெரியும், தாத்தாக்கள் நிற்கிறார்கள், பேரப்பிள்ளைகளைக் காணோம் என்பது. தொண்ணூறுகளில் அடுத்தடுத்துத் தீ வந்தபோது முதுமலையில் சிறு தண்டுகள் சரிந்தன. யானையும் தன் பங்குக்கு முறித்துத் தின்றது. தீயில்லா ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்தபோது எண்ணிக்கை மீண்டும் ஏறிற்று.

பழைய வனத்துறை ஏடுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து ஆய்வாளர் வேறொன்றும் கண்டனர். 1909 முதல் 1921 வரை முதுமலையில் ஓரிடம் மறுபடி எரிய சராசரி 10 ஆண்டு ஆயிற்று; 1989 முதல் 2002 வரையிலான காலத்திலோ மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். பத்தாண்டு மூச்சு வாங்கிய காடு மூன்றாண்டிலே மூச்சுத் திணறுகிறது!

யார் வைத்த தீ? மின்னல் வைப்பது இங்கே அரிது. மனிதன் வைப்பதே மிகுதி. உடனே விரல் யார் பக்கம் நீளும்? ஆதிவாசியின் பக்கம்! 1882-இன் சென்னை வனச் சட்டம் தொட்டு இந்த விரல் நீண்டபடியே இருக்கிறது. தினைப்புனம் எரித்து விதைத்த குறவன் அன்றைக்கே குற்றவாளியானான். தேக்கை வெட்டிக் கப்பலேற்றிய வெள்ளையன் காவலனானான்! மைசூர்ப் பக்கத்து பிலிகிரி மலையிலே சோலிகர் சொல்வதைக் கேளுங்கள். பருவத் தொடக்கத்திலேயே, சருகு குறைவாக இருக்கும்போதே, தணிந்த தீ வைத்து வந்தோம். 1974-இல் சரணாலயமாக்கித் தீயைத் தடுத்தபின்தான் உண்ணிச்செடி காட்டையே மூடியது என்கின்றனர். ஆய்வாளர்கள் அதைப் பழங்கதை என்று தள்ளாமல், களத்தில் இறங்கிச் சோதித்திருக்கின்றனர். உண்ணிச்செடி பரவியதற்குத் தீ நின்றது மட்டும்தான் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், வை என்பதும் வைக்காதே என்பதும் நகரத்திலே உட்கார்ந்து போடும் கட்டளையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். எங்கே, எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லக்கூடியவை அந்த எண் தகடுகளே.

2018 மார்ச் 11-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையிலே நடைபயணம் போன இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று நாடே பேசிற்று, நாளேடுகள் பேசின, விசாரணை நடந்தது. பிறகு? புல் மறுபடி வளர்ந்தது, நாம் மறுபடி மறந்தோம். செயற்கைக்கோள் இன்று தீப்பற்றிய இடத்தைக் கண்டு கைப்பேசிக்குச் சேதி அனுப்புகிறது, நல்லது, வரவேற்கிறேன். ஆனால் கன்றின் வேர் உயிரோடிருக்கிறதா என்று அத்தனை உயரத்திலிருந்து அதனால் பார்க்க முடியாதே! அதற்கு மனிதன் குனிய வேண்டும்.

குனிகின்ற அந்த மனிதர் ஒருவரைச் சென்ற ஆண்டு மலைச்சாலைத் தேநீர்க் கடையொன்றிலே சந்தித்தேன். அவர் வேலை பார்ப்பது முதுமலையில் அன்று, வேறொரு மலையில், வேறொரு திட்டத்தில், பெயர் வேண்டாம். பதினேழு ஆண்டாக மரம் அளக்கிறார். தீ மேலேறி வந்த ஒரு பகலில், அளவு நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பச்சைத் தழையை ஒடித்து, தீத்தடுப்புக் கோட்டிலே மாலை வரை அடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார்.

"பயமாக இல்லையா?" என்றேன்.

"பயம் இல்லாம இருக்குமா, சார்! ஆனா நோட்டு எரிஞ்சா எட்டு வருசம் போச்சே" என்றார்.

எட்டு வருடக் கணக்கு எரியக்கூடாதென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அந்த மனிதருக்குப் பணிப் பாதுகாப்பு என்ன? திட்டத்துக்குப் பணம் வரும்வரை வேலை, பணம் நின்றால் வீடு. காட்டுக்கு முப்பதாண்டுக் கணக்கு வேண்டுமாம். கணக்கெடுப்பவனுக்கு மட்டும் பதினொரு மாத ஒப்பந்தமாம்! அவர் பிழைபட அளந்தால் உலகத்து ஆய்விதழில் வரும் கட்டுரையும் பிழைபடும். சரியாக அளந்தாலோ, கட்டுரையின் கடைசி வரியிலே "களப்பணியாளர்க்கு நன்றி". நன்றியைக் கொண்டுபோய் ரேஷன் கடையிலே கொடுத்தால் அரிசி போடுவார்களா? தீயிலே வெந்தால் இழப்பீடு எந்தக் கணக்கிலே எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, அவருக்குச் சம்பளம் போடுகிறவருக்கும் தெரியவில்லை. தொழிற்சங்கம் கண்ட நம் தோழர்கள், ஆலைவாயிலில் நிற்கும்போது இந்த மலைவாயிலையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர், ஆண்டு முழுதும் வேலை, விபத்துக் காப்பீடு. அவர் கேட்டது இம்மூன்றுதான், அதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

புறப்படும்போது தன் நோட்டைத் திறந்து ஒரு பக்கம் காட்டினார். ஒரு நெல்லிமரம், நேர் எதிரே, தீ வந்த ஆண்டில், "மேல் தண்டு இல்லை" என்று எழுதியிருந்தது. அடுத்த ஆண்டும் அதுவே. மூன்றாம் ஆண்டு, அதே எண்ணுக்கு நேராக, பென்சிலில்: "அடியில் இரண்டு துளிர், முழங்கால் உயரம்." இவ்வாண்டு மழை தொடங்கியதும் மறுபடி அளக்கப் போகிறாராம், ஒப்பந்தம் நீட்டினால்.