தில்லிக்கு வேண்டிய கரிமூட்டம்

இராமநாதபுரத்துப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி மூட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் கைப்பழக்கமாகவே தெரியும். காற்று தாராளமாக நுழைந்தால் மிஞ்சுவது சாம்பல். காற்றை அடைத்தால் கரி. ஒவ்வொரு நவம்பரிலும் மூச்சுத் திணறும் தில்லிக்கு உதவக்கூடிய அறிவியல் இந்த வித்தைக்குள் இருக்கிறது.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலையும் தாளையும் 'பராலி' என்கிறார்கள். நம் ஊரில் அது மாட்டுக்குப் போகும். அங்கே மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான் தீனி. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. அடுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிச்சம். வயலைக் காலி செய்ய விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ஒரே வழி தீக்குச்சி. அவரைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமே இல்லை.

ஒரு டன் வைக்கோல் வயலில் எரிந்தால் சுமார் 1,460 கிலோ கார்பன் டை ஆக்சைடும், 60 கிலோ கார்பன் மோனாக்சைடும், 3 கிலோ நுண்துகளும் கிளம்புகின்றன. வடமேற்குக் காற்று அந்தப் புகையைத் தில்லிக்குக் கொண்டுவருகிறது. வாகனப் புகையும் தூசியும் ஏற்கெனவே நிறைந்த நகரம் அது.

அதே வைக்கோலை மூடிய சூளையில், ஆக்சிஜன் அதிகம் புகாமல், 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைப்பது 'பயோசார்' எனும் உயிர்க்கரி. வைக்கோலின் கார்பனில் ஏறத்தாழப் பாதி அதில் தங்கிவிடுகிறது. சூட்டில் கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகப் பிணைந்துகொள்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்களால் அவற்றை எளிதில் அரித்துத் தின்ன முடியாது. மட்கும் வைக்கோலின் கார்பனில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பிவிடும். கரியில் உள்ளதோ நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடக்கும். கரியின் உடலெங்கும் நுண்துளைகள். அவை நீரைப் பிடித்து வைக்கும், உரச்சத்து அடித்துப் போகாமல் காக்கும், நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பாகும்.

அமேசான் காட்டில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. வெளிறிய, சத்தற்ற மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கறுப்பு மண். 'டெரா பிரேட்டா' என்பது அதன் பெயர். பழங்குடி மக்கள் அடுப்புக் கரியையும் எலும்பையும் குப்பையையும் சேர்த்து உண்டாக்கிய அந்த மண், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் வளம் குன்றவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் எருக்குழிதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் கரி தனியாகப் பயிரை வளர்த்துவிடாது. சாணத்தோடும் மட்கு உரத்தோடும் ஊறவைத்து இடுவதே நல்லது. பெரும்பாலான உயிர்க்கரி காரத்தன்மை கொண்டது. அமில மண்ணைத் தேற்றுகிற அளவுக்கு வடமேற்கின் கார மண்ணுக்கு அது பொருந்தாது. ஆகவே மண்ணைச் சோதித்த பிறகே எவ்வளவு இடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். சூளையையும் சரியாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மீத்தேன் கசிந்து நோக்கமே கெட்டுவிடும்.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் செங்கல்லும் களிமண்ணும் கொண்டே வைக்கோல் கரிச்சூளை கட்டிக் காட்டியிருக்கிறது. நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வைக்கோலைச் சுமக்கக் கூலி, கிராமத்துக்கொரு சூளை, கரிக்கு ஒரு விலை. இந்த மூன்றையும் அரசுகள் அறுவடைக்கு முன்பே விவசாயியின் கையில் சேர்க்க வேண்டும்.