மைக் முதலாளிக்கு... குரல் யாருக்கு? சிட்னி ‘டாக் ரேடியோ’வின் கதை!

‘2ஜிபி’ என்றால் நமக்கு மொபைல் டேட்டா பேக் ஞாபகத்துக்கு வரும். சிட்னிக்காரர்களுக்கு அது ஒரு ரேடியோ நிலையம். பாட்டுக்காக யாரும் அதைத் திருப்புவதில்லை. பொழுது விடிவதற்குள் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். மின் கட்டணம், டிராஃபிக், நேற்றைய ரக்பி மேட்ச், மாநில முதல்வரின் லேட்டஸ்ட் அறிவிப்பு என்று எது கையில் கிடைத்தாலும் விடமாட்டார். நேயர்கள் போன் போட்டுக் கூடச் சேர்ந்து கொதிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சம்பந்தப்பட்ட அமைச்சரே லைனில் வந்து விளக்கம் சொல்வார். நடுநடுவே விளம்பரம். இவ்வளவுதான் சரக்கு. ஆனால், இந்தச் சரக்குக்காக அங்கே கோடிகள் கைமாறியிருக்கின்றன.

அந்தப் பெயரில் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. ஆஸ்திரேலிய ரேடியோ பெயர்களில் முதலில் வரும் எண் மாநிலத்தைக் குறிக்கும். 2 என்றால் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ். 3 என்றால் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா. ‘ஜிபி’ என்பது ஜியோர்டானோ புருனோ. மதத்துக்கு விரோதமாகப் பேசினார் என்று 1600-ல் ரோம் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட இத்தாலியத் தத்துவஞானி. அவர் பெயரில் 1926-ல் இந்த நிலையத்தைத் தொடங்கியது தியசாஃபிகல் சொசைட்டி. ஆமாம், சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே பிரம்மஞான சபைதான். அப்போது அதன் ஆஸ்திரேலியப் பிரிவுக்குப் பொதுச்செயலாளர் ஜார்ஜ் அருண்டேல். பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியின் கணவர். ஆன்மிகம் பேச ஆரம்பித்த நிலையம், பிற்பாடு நாட்டின் மிகக் கோபமான குரல்களுக்கு வீடாகப்போகிறது என்று அவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏழு விநாடி அவகாசம்

நேயர்களின் டெலிபோன் பேச்சை அப்படியே ஒலிபரப்ப 1967 வரை ஆஸ்திரேலியாவில் தடை இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அனுமதி கிடைத்ததும் ‘டாக்பேக்’ பிறந்தது. யார் எப்போது கெட்ட வார்த்தை பேசுவார் என்று சொல்ல முடியாது அல்லவா? அதற்காகப் பேச்சை ஏழு விநாடி தாமதித்து அனுப்பும் ஏற்பாடு வந்தது. வில்லங்கமாக ஏதாவது காதில் விழுந்தால், அந்த ஏழு விநாடிக்குள் பட்டனைத் தட்டி வெட்டிவிடலாம்.

1980-ல் தனியார் எஃப்.எம் நிலையங்கள் வந்தன. அவற்றின் துல்லியமான ஒலிக்கு முன்னால் ஏ.எம் நிலையங்களின் பாட்டு எடுபடவில்லை. இளவட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. மனிதக் குரலுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லையே! ஏ.எம் நிலையங்கள் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நேயர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், புறநகர்வாசிகள், லாரி டிரைவர்கள், கடைக்காரர்கள். ஒரு நிலையத்தில் மனம் ஒட்டிவிட்டால் மாற்றமாட்டார்கள். பிரதமர் ஜான் ஹோவார்டு போன்றவர்கள் செய்தியாளர்களை விடவும் டாக்பேக் மைக்கையே அதிகம் விரும்பியதற்குக் காரணம் இதுதான். இங்கே பேசினால் வெட்டி ஒட்டாமல் நேராக வாக்காளர் காதுக்குப் போகும்.

தங்க மைக்கின் விலை

இந்த உலகின் முதல் ராஜா, ஜான் லாஸ். 1953-ல் மைக் பிடித்தவர். கம்பீரமான குரலுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர், ‘கோல்டன் டான்சில்ஸ்’. தங்கத் தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்த மைக்குக்கும் தங்க முலாம்தான்! நாடு முழுக்கப் பல நிலையங்கள் அவர் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பின. இன்ஜின் ஆயிலுக்கு அவர் சொன்ன விளம்பர வரி ஆஸ்திரேலியர்களுக்கு மனப்பாடம்.

விளம்பரம் என்று தெரிந்தே கேட்கும்வரை சிக்கல் இல்லை. 1999 ஜூலையில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி-யின் ‘மீடியா வாட்ச்’ நிகழ்ச்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. வங்கிகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த லாஸ், திடீரென்று அவற்றின் நியாயத்தைப் பேச ஆரம்பித்திருந்தார். மனம் மாறியதற்குக் காரணம், வங்கிகள் சங்கத்துடன் போட்ட ஒப்பந்தம். பணம் கைமாறிய விஷயம் நேயர்களுக்குச் சொல்லப்படவில்லை. விசாரணை தொடங்கியது. லாஸும், அதே 2யூஇ நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்திய ஆலன் ஜோன்ஸும் பெரிய நிறுவனங்களுடன் வைத்திருந்த ஒப்பந்தங்கள் வரிசையாக வெளியே வந்தன. ஒரு டெலிகாம் நிறுவனம், ஒரு விமான நிறுவனம் என்று பட்டியல் நீண்டது. ‘கேஷ் ஃபார் கமென்ட்’, அதாவது காசுக்குக் கருத்து என்று இந்த விவகாரத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

விசாரணையில் லாஸ் சொன்ன பதில் சுவாரஸ்யமானது. தான் பத்திரிகையாளர் இல்லை, பொழுதுபோக்குக் கலைஞர். பத்திரிகை தர்மம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். அமைச்சரை லைனில் நிறுத்திக் கேள்வி கேட்கும்போது ஒரு வேஷம், பணக் கணக்கு கேட்டால் இன்னொரு வேஷம்! 2000 பிப்ரவரியில் வந்த அறிக்கை 2யூஇ விதிகளை மீறியதாகச் சொன்னது. ஸ்பான்சர் யாரென்று பேச்சாளர் நேயர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற விதிகள் வந்தன. லைசென்ஸ் வைத்திருப்பது நிலையம்தானே தவிர, பேசுபவர் இல்லை. அதனால் ஒழுங்குமுறை அமைப்பின் பிடி எப்போதும் நிலையத்தின் மேல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நேயர்கள் ஓடிப்போய்விடவில்லை. ‘நம்ம ஆளு’ என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அவருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது இரண்டாம்பட்சம் ஆகிவிடுகிறது. இதை முதலாளிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

குரலோடு போன கூட்டம்

ஆலன் ஜோன்ஸ் முன்னாள் ஆங்கில ஆசிரியர். பிரதமர் மால்கம் ஃப்ரேசருக்கு உரை எழுதிக் கொடுத்தவர். ஆஸ்திரேலிய ரக்பி அணியின் பயிற்சியாளராகவும் இருந்தவர். 1985-ல் ரேடியோவுக்கு வந்தார். 2002-ல் அவரை 2யூஇ-யிலிருந்து 2ஜிபி-க்கு இழுத்தார் ஜான் சிங்கிள்டன். விளம்பர உலகில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். சம்பளம் மட்டும் போதாது என்று தெரிந்து, பங்குகளும் கொடுத்தார். ஆக, பேசுபவரே பாதி முதலாளி! விளையாட்டு வர்ணனையில் புகழ்பெற்ற ரே ஹாட்லியும் அதே சமயத்தில் கட்சி மாறினார். நேயர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். சில ஆண்டுகளில் 2ஜிபி சிட்னியின் முதலிடத்துக்கு வந்தது. ஓய்வுபெறும்போது ஜோன்ஸ் கணக்கில் 226 ரேட்டிங் வெற்றிகள்.

அந்தக் குரலின் மறுபக்கம்தான் கசப்பானது. 2005 டிசம்பரில் சிட்னியின் க்ரோனுல்லா கடற்கரையில் இனக் கலவரம் வெடித்தது. அதற்கு முந்தைய நாள்களில் ஜோன்ஸ் நிகழ்ச்சியில் ஒலித்த பேச்சு வன்முறையைத் தூண்டக்கூடியது என்று 2007-ல் ஒழுங்குமுறை அமைப்பு தீர்ப்பளித்தது. 2011 வெள்ளத்தில் க்ரான்தம் என்ற சிற்றூரில் பலர் உயிரிழந்ததற்கு வாக்னர் சகோதரர்களின் கல்குவாரிதான் காரணம் என்று மாதக்கணக்கில் பேசினார். அவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். 2018-ல் குவீன்ஸ்லாந்து உச்ச நீதிமன்றம் ஜோன்ஸும் நிலையங்களும் சுமார் 37 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர வேண்டும் என்றது. ஏழு விநாடி அவகாசம் நேயரின் வாயை அடக்கத்தான். தொகுப்பாளரே பேசினால் பட்டனைத் தட்டுவது யார்?

தட்டியது விளம்பரதாரர்கள்தான். 2012-ல் பிரதமர் ஜூலியா கில்லார்டின் மறைந்த தந்தையைப் பற்றி ஒரு விருந்தில் ஜோன்ஸ் மோசமாகப் பேசினார். மக்களின் கோபம் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்தவர்கள் பக்கம் திரும்பியது. அவர்கள் விலக, நிலையமே சில நாள்களுக்கு அந்த நிகழ்ச்சியில் விளம்பரங்களை நிறுத்தி வைத்தது. 2019-ல் நியூஸிலாந்துப் பிரதமர் ஜெஸிந்தா ஆர்டெர்னைப் பற்றிய பேச்சுக்கும் அதே கதி. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஒப்பந்தம் ரத்து என்று நிறுவனத் தலைவர் பகிரங்கமாக எச்சரித்தார். அடுத்த மே மாதம், உடல்நிலையைக் காரணம் சொல்லி ஜோன்ஸ் விடைபெற்றார். அந்த நாற்காலிக்கு பென் ஃபோர்டாம் வந்தார்.

எல்லா ஊரிலும் இந்தக் கொதிப்பு இல்லை. மெல்போர்னின் 3ஏடபிள்யூ காலை நிகழ்ச்சியில், நேயர்கள் போன் போட்டு ஊர் வதந்திகளைச் சொல்லும் ‘ரூமர் ஃபைல்’ பகுதிதான் ஹிட். அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கோலோச்சிய நீல் மிட்செல், நாளிதழ் ஆசிரியராக இருந்து வந்தவர். கேள்வி கேட்பதிலும் அந்தப் பாணி தெரியும். 2023 டிசம்பரில் காலை நிகழ்ச்சியை விட்டு இறங்கினார்.

ஒரே கூரையின் கீழ்

இதற்கிடையே முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2யூஇ, 3ஏடபிள்யூ ஆகியவை 2007-ல் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைக் குழுமத்தின் கைக்குப் போயின. 2015-ல் அந்த ரேடியோ பிரிவும் சிங்கிள்டனின் நிறுவனமும் இணைந்தன. ஃபேர்ஃபாக்ஸின் பங்கு 54.5 சதவிகிதம். ஜோன்ஸை விடாமல் விமர்சித்த ‘சிட்னி மார்னிங் ஹெரால்டு’ நாளிதழுக்கும், அவர் பேசிய 2ஜிபி-க்கும் இப்போது பெரும் பங்குதாரர் ஒருவரே! 2018-ல் நைன் டிவி நிறுவனம் ஃபேர்ஃபாக்ஸை விழுங்கியது. 2019-ல் மீதிப் பங்குகளையும் வாங்கியது. சிங்கிள்டனுக்குச் சுமார் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது.

பெரிய குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஹாட்லி 2024 டிசம்பரில் விடைபெற்றார். அதற்கு ஒரு மாதம் முன்பு, 89 வயதில், ஜான் லாஸ் கடைசியாக மைக்கை அணைத்தார். ஓராண்டு கழித்துக் காலமானார்.

லாஸும் ஜோன்ஸும் ஒன்றாக இருந்து ஆண்ட 2யூஇ என்ன ஆனது? ஒரே நகரில் இரண்டு டாக் நிலையங்கள் எதற்கு என்று, இணைப்புக்குப் பிறகு அதை மாற்றத் தொடங்கினார்கள். பயணம், சமையல், உடல்நலம் என்று கொஞ்ச நாள். 2018-ல் விளையாட்டு. அதுவும் எடுபடாமல், 2020-ல் பழைய பாட்டுகளுக்கு வந்து சேர்ந்தது. 1958-ல், ஆஸ்திரேலியாவிலேயே முதன்முதலாக ‘டாப் 40’ பாடல் வரிசையைக் கொண்டுவந்த நிலையமும் அதுதான். அந்தக் காலத்தில் அங்கே ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், இளைஞர் ஜான் லாஸ்.