இலக்கும் அளவுகோலும்: தொழில், ஆற்றல், நிலப்பயன்பாட்டுத் துறைகளில் இந்தியாவின் காலநிலை இலக்குகள்

ஆய்வுச் சுருக்கம்

பாரிசு உடன்படிக்கையின்கீழ் 2030ஆம் ஆண்டுக்குள் எட்டுவதற்கென இந்தியா மூன்று எண்ணியல் இலக்குகளை அறிவித்துள்ளது. பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவைக் குறைத்தல், புதைபடிவ எரிபொருள் சாராத மின் நிறுவுதிறனை உயர்த்துதல், காடுகள் மற்றும் மரங்களின்வழிக் கூடுதல் கார்பன் சேமிப்பை உருவாக்குதல் என்பன அவை. இம்மூன்றும் செறிவு, திறன், பரப்பு ஆகிய வெவ்வேறு அளவுகோல்களைச் சார்ந்துள்ளன. ஓர் இலக்கு எந்த அளவுகோலில் கூறப்படுகிறதோ அதுவே அவ்விலக்கு எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதைத் தீர்மானிக்கிறது. இதனைத் துறைவாரியாக விளக்கி, ஒவ்வோர் இலக்குக்கும் துணை அளவுகோல் ஒன்று தேவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காலநிலை இலக்கு, உமிழ்வுச் செறிவு, நிறுவுதிறன், கார்பன் சேமிப்பு, நிலப்பயன்பாடு, நிகரச் சுழியம்.

முன்னுரை

காலநிலை மாற்றம் குறித்த அரசுகளின் உறுதிமொழிகள் பெரும்பாலும் எண்களாகவே அமைகின்றன. சதவீதம் ஒன்றும் ஆண்டு ஒன்றும் சேர்ந்தால் இலக்கு ஒன்று பிறந்துவிடுகிறது. ஆயினும் எண்ணை மட்டும் கொண்டு இலக்கை மதிப்பிட இயலாது. அச்சதவீதம் எதனுடையது, எந்த ஆண்டோடு ஒப்பிடப்படுகிறது, எவை கணக்கில் சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் பொருள் புலப்படும். வளிமண்டலம் அறிவது அதில் சேரும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவை மட்டுமே. இலக்கின் அளவுகோலுக்கும் இம்மொத்த அளவுக்கும் இடையிலுள்ள தொலைவை இந்தியாவின் இலக்குகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்குகள் வளர்ந்த வரலாறு

2009ஆம் ஆண்டு கோபன்கேகன் மாநாட்டையொட்டி, 2020க்குள் உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டின் நிலையிலிருந்து 20 முதல் 25 சதவீதம் வரை குறைப்பதாக இந்தியா தன்விருப்பில் அறிவித்தது. வேளாண்மையின் உமிழ்வு அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2015ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கைக்காக அளிக்கப்பட்ட அறிக்கையில் 2030க்கான மூன்று இலக்குகள் இடம்பெற்றன. உமிழ்வுச் செறிவை 33 முதல் 35 சதவீதம் குறைத்தல், மின் நிறுவுதிறனில் 40 சதவீதத்தைப் புதைபடிவம் சாராத மூலங்களிலிருந்து பெறுதல், 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கூடுதல் கார்பன் சேமிப்பை உருவாக்குதல் என்பன அவை. 2021ஆம் ஆண்டு கிளாசுகோ மாநாட்டில் 2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. 2022 ஆகத்தில் முதலிரு இலக்குகளும் முறையே 45 சதவீதமாகவும் 50 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. மூன்றாவது இலக்கு மாற்றப்படவில்லை.

இவற்றில் இந்தியா கண்டுள்ள முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. 2005க்கும் 2020க்கும் இடையே உமிழ்வுச் செறிவு 36 சதவீதம் குறைந்ததாக நாட்டின் அலுவல்முறை அறிக்கை கூறுகிறது. நிறுவுதிறனில் 50 சதவீதம் என்னும் இலக்கு 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே, அதாவது ஐந்தாண்டுகள் முன்னதாகவே, எட்டப்பட்டது. கூடுதல் கார்பன் சேமிப்பு 2021 வரை 229 கோடி டன்னை எட்டியதாக இந்திய வன நில அறிக்கை 2023 தெரிவிக்கிறது. இவையனைத்தும் நிகழ்ந்த அதே காலத்தில் நாட்டின் மொத்த உமிழ்வு உயர்ந்தே வந்துள்ளது. இலக்குகள் நிறைவேறுவதும் உமிழ்வு உயர்வதும் ஒருங்கே நிகழ்வது எவ்வாறு என்பதற்கான விடை அளவுகோல்களில் உள்ளது.

2. தொழில்துறை: செறிவு என்னும் அளவுகோல்

உமிழ்வுச் செறிவு என்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஓர் அலகுக்கு வெளியாகும் பசுமை இல்ல வாயுவின் அளவாகும். இஃது ஒரு வகுத்தல் ஈவு. தொகுதி உயர்ந்தாலும் பகுதி அதைவிட விரைந்து உயர்ந்தால் ஈவு குறையும். சான்றாக, ஒரு நாட்டின் பொருளாதாரம் மூன்று மடங்காகி, அதன் செறிவு 45 சதவீதம் குறைந்தால், மொத்த உமிழ்வு 3 × 0.55 = 1.65 மடங்காகும். இலக்கு முழுமையாக எட்டப்பட்ட நிலையிலும் உமிழ்வு 65 சதவீதம் கூடியிருக்கும்.

இதனைக் கொண்டு செறிவு இலக்கைக் குறைபாடுடையது எனத் தள்ளிவிட இயலாது. இந்தியாவின் தனிநபர் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. வளிமண்டலத்தில் இன்று தேங்கியுள்ள வாயுவின் பெரும்பங்கு முன்னரே தொழில்மயமான நாடுகளால் சேர்க்கப்பட்டது. இந்நிலையில், வளர்ச்சிக்கு இடமளித்துத் தூய்மையைக் கோரும் செறிவு இலக்கு நீதியின் அடிப்படையில் ஏற்புடையதே. ஐக்கிய இராச்சியம் போன்ற பழைய தொழில் நாடுகள் 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டத்தைப் போன்றவற்றின்வழி மொத்த உமிழ்வுக்கே வரம்பு விதித்துக்கொள்வதற்கும் இதே நீதி காரணமாகிறது. கருதத்தக்க வினா இதுவே: செறிவு இலக்கு எந்த ஆண்டில் மொத்த வரம்பாக மாறும்? 2070இல் நிகரச் சுழியம் எனில், அதற்கு முன் உமிழ்வு உச்சத்தைத் தொட்டு இறங்கியாக வேண்டும். அவ்வுச்சத்துக்கான ஆண்டு மேற்கண்ட மூன்று இலக்குகளில் எதிலும் இடம்பெறவில்லை.

தொழிற்சாலை அளவிலும் இதே அளவுகோல் பின்பற்றப்படுகிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2012இல் தொடங்கிய திட்டத்தில் அனல்மின், உருக்கு, சிமெண்ட், அலுமினியம், உரம், காகிதம், துணி, குளோர்-ஆல்கலி ஆகிய எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இடம்பெற்றன. ஒரு டன் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றலின் அளவு ஒவ்வோர் ஆலைக்கும் இலக்காக வைக்கப்பட்டது. இலக்கைக் கடந்து சேமித்த ஆலை சான்றிதழ்களைப் பெற்று, எட்டாத ஆலைக்கு விற்கலாம். 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டம், ஆற்றலுக்குப் பதிலாக உமிழ்வையே அளக்கிறது. இம்மாற்றம் முதன்மையானது, ஏனெனில் சில தொழில்களில் உமிழ்வு எரிபொருளிலிருந்து மட்டும் வருவதில்லை.

சிமெண்ட் இதற்குத் தக்க சான்று. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சூடேற்றும்போது ஒவ்வொரு 100 கிலோ கால்சியம் கார்பனேட்டிலிருந்தும் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் பிரிகின்றன. சூளையை எவ்வளவு தூய எரிபொருளால் எரித்தாலும் இந்த 44 கிலோ வெளியேறியே தீரும். அரியலூர்ப் பகுதியின் சிமெண்ட் ஆலைகள் முழுவதும் காற்றாலை மின்சாரத்தில் இயங்கினும் இவ்வேதிவினை மாறாது. உருக்கு ஆலையின் ஊதுலையிலும் நிலைமை இதுவே. அங்குக் கற்கரி வெப்பம் தருவதோடு, இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிசனை நீக்கும் வேதிப்பொருளாகவும் செயல்படுகிறது. ஆகவே ஆற்றல் சிக்கனத்தை மட்டும் அளக்கும் இலக்கு இத்துறைகளில் ஒரு கட்டத்துக்குமேல் பயன் தராது. 2024 திசம்பரில் உருக்கு அமைச்சகம் ஒரு டன் உருக்குக்கு 2.2 டன்னுக்குக் குறைவான உமிழ்வு உடையதே பசுமை உருக்கு என வரையறுத்தது. உற்பத்தி முறையின் முழு உமிழ்வையும் உள்ளடக்கும் இத்தகைய வரையறை தெளிவான இலக்குக்கு அடிப்படையாகும்.

3. ஆற்றல் துறை: திறன் என்னும் அளவுகோல்

நிறுவுதிறன் என்பது ஒரு மின்நிலையம் முழு அளவில் இயங்கினால் தரக்கூடிய மின்சாரத்தைக் குறிக்கும். அஃது உண்மையில் தந்த மின்சாரத்தைக் குறிக்காது. கதிரவன் இரவில் ஒளிர்வதில்லை. காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வீசுவதில்லை. ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் 20 சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,750 மெகாவாட்-மணி மின்சாரம் தரும். அதே திறனுடைய நிலக்கரி நிலையம் 70 சதவீதப் பயன்பாட்டில் ஏறத்தாழ 6,130 மெகாவாட்-மணி தரும். இரண்டும் சம திறனில் நிறுவப்பட்டால் திறனில் 50 சதவீதம் தூய்மையானது. ஆனால் மின்சாரத்தில் 22 சதவீதமே தூய்மையானதாக இருக்கும். புனல், அணு மின்நிலையங்களும் சேர்ந்துள்ள இந்தியாவின் உண்மை நிலையும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நிறுவுதிறனில் பாதியைத் தாண்டிய பின்னும் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது.

தமிழ்நாட்டின் பட்டறிவு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு முதலிய இடங்களில் பரவியுள்ள காற்றாலைகளோடு சேர்த்து மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே பாயும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் அத்திறனின் பெரும்பயன் கிடைக்கிறது. ஏனைய மாதங்களில் அதே காற்றாலைகள் பெயரளவில் நிற்கின்றன. பட்டியலில் மட்டும் அவற்றின் திறன் மாறாமல் இருக்கும்.

எனவே ஆற்றல் துறையின் இலக்கு, திறனுடன் சேமிப்பையும் கடத்தும் பாதையையும் சேர்த்துக் கூறப்பட வேண்டும். மிகையான நேரத்து மின்சாரத்தால் நீரை மேலேற்றித் தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் பெறும் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனுடன் 1980களின் இறுதியிலிருந்தே இயங்கி வருகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திறனுடைய மற்றொரு நீரேற்று நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது. பத்தாயிரம் மெகாவாட் காற்றுக்கு முன் இவை சிறியவை. சேமிப்புக்கென இலக்கு இல்லாதவிடத்துத் திறன் இலக்கு நிறைவேறினாலும் நிலக்கரி உலைகள் மாலை நேரத் தேவைக்காக எரிந்துகொண்டேயிருக்கும்.

4. நிலப்பயன்பாடு: பரப்பு என்னும் அளவுகோல்

மூன்றாவது இலக்கு டன் கணக்கில் கூறப்பட்டாலும் அதன் கணக்கீடு காட்டின் பரப்பைச் சார்ந்துள்ளது. இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் மர விதான அடர்த்தி 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்நிலம் காட்டுப் பரப்பாகும். நில உரிமை, சட்டநிலை, மரத்தின் இனம் ஆகியவை இதில் கருதப்படுவதில்லை. பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும் பனங்காடும் இவ்வரையறையில் அடங்கும். இராமநாதபுரம் மாவட்டத்தில் அடர்ந்து பரவிய சீமைக் கருவேலமும் அவ்வரையறைக்குப் பொருந்தும். அம்மரத்தை அகற்ற அரசே கொள்கை வகுத்துள்ளது. ஒரு கையால் அகற்றப்பட வேண்டியதும் மறு கையால் எண்ணப்பட வேண்டியதும் ஒரே மரமாக இருப்பது அளவுகோலின் போதாமையைக் காட்டுகிறது.

வன நில அறிக்கை 2023இன்படிக் காடும் மரங்களும் நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம். இவ்வெண் உயர்வதற்கு இரு வழிகள் உண்டு. சோலைக்காடு, அலையாத்திக் காடு போன்ற இயற்கைக் காடுகளைக் காத்தல் ஒன்று. விரைந்து வளரும் ஒற்றை இன மரங்களை நடுதல் மற்றொன்று. பரப்புக் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் மண்ணில் தேங்கும் கார்பன், உயிரினப் பன்மை, காட்டைச் சார்ந்த மக்களின் வாழ்வு ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. மேலும், மரத்தில் சேர்ந்த கார்பன் தீயாலும் வெட்டாலும் மீண்டும் காற்றில் கலக்கக் கூடியது. எரிக்கப்படாத நிலக்கரியோ நிலத்தடியிலேயே இருக்கும். ஆகவே ஒன்றின் டன்னை மற்றொன்றின் டன்னுக்கு ஈடாக வைப்பது எச்சரிக்கையுடன் செய்யத்தக்கது. மேய்ச்சல் நிலங்களிலும் பொது நிலங்களிலும் மரம் நடும்போது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமைகள் பறிபோகாமல் காப்பதும் இலக்கின் ஒரு பகுதியாக வேண்டும்.

வேளாண் நிலத்தின் உமிழ்வு இம்மூன்று இலக்குகளிலும் தனியே பெயர் பெறவில்லை. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமேற்றும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு. இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என வழங்கும் நீர்ப்பாசன முறை வயலை இடையிடையே உலரவிட்டு மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கிறது, நீரையும் சேமிக்கிறது. உணவு உற்பத்தியையும் சிறு உழவரின் வருவாயையும் எண்ணி இத்துறைக்குக் கட்டாய இலக்கு வைக்கப்படாதது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் பாசன நீரை முறை வைத்து வழங்குவது உழவரின் கையில் இல்லை. வாய்க்கால் நிருவாகத்தின் கையில் உள்ளது. எனவே இங்கு இலக்கு வைக்கப்படின் அது நீர் வழங்கும் அமைப்புக்கே முதலில் பொருந்தும்.

5. துறைகளிடையே உள்ள பிணைப்பு

தனித்தனியே வகுக்கப்பட்ட இலக்குகள் நடைமுறையில் ஒன்றோடொன்று மோதக்கூடும். சிமெண்டின் உமிழ்வைக் குறைக்கும் எளிய வழி, கிளிங்கரின் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பதாகும். ஆற்றல் துறை நிலக்கரியைக் கைவிடக் கைவிடச் சிமெண்ட் துறைக்குச் சாம்பல் குறையும். உருக்கில் கற்கரிக்கு மாற்றான ஐதரசனுக்குப் பெருமளவு தூய மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்துக்கான சூரியப் பூங்காவும், கார்பன் சேமிப்புக்கான மரநடவும் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு எனக் குறிக்கப்பட்ட அதே நிலத்தை நாடுகின்றன. அந்நிலமோ பல ஊர்களில் ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலமாக உள்ளது. ஆகவே ஒரு துறையின் இலக்கு வகுக்கப்படும்போது, மற்றத் துறைகளிலிருந்து அது எதிர்பார்க்கும் மின்சாரம், மூலப்பொருள், நிலம் ஆகியவற்றின் அளவும் உடன் கூறப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, செறிவு இலக்கு வளரும் நாட்டுக்கு உரிய தொடக்கம். மொத்த உமிழ்வு உச்சம் தொடும் ஆண்டு அதனுடன் அறிவிக்கப்படும்போதே அது 2070ஆம் ஆண்டின் இலக்கோடு இணையும்.

இரண்டாவதாக, சிமெண்ட், உருக்கு ஆகிய தொழில்களுக்கு எரிபொருள் உமிழ்வும் வேதிவினை உமிழ்வும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, நிறுவுதிறன் இலக்குக்குத் துணையாக உற்பத்தியாகும் மின்சாரத்தில் தூய மின்சாரத்தின் பங்கும் சேமிப்புத் திறனும் இலக்குகளாக வேண்டும்.

நான்காவதாக, காட்டுப் பரப்பு இயற்கைக் காடு, நடப்பட்ட காடு, அயல் இனப் பரவல் எனப் பிரித்துக் கணக்கிடப்பட வேண்டும்.

இந்தியா தான் அறிவித்த இலக்குகளைப் பெரிதும் நிறைவேற்றி வருகிறது என்பது உலக அரங்கில் அதற்கு நன்மதிப்பைத் தருகிறது. நிறைவேறுவது உறுதியாகிவிட்ட இலக்கு மேலும் செயலைத் தூண்டுவதில்லை என்பதும் உண்மை. 50 சதவீத நிறுவுதிறன் எட்டப்பட்டுவிட்ட நிலையில், அதே அளவுகோலில் எண்ணை மட்டும் உயர்த்துவது போதாது. நிலக்கரி எவ்வளவு குறைந்தது என்பதை நேரடியாக அளக்கும் இலக்குக்கு அடுத்த கட்டத்தில் மாறுவதே பொருத்தமாகும்.