யார் முதலில் கேட்பது?

டீ ஆறுவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களோடு கச்சேரிக்குப் போக ஒரு செயலி செய்யப்போகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வரைந்து காட்டுவது நிகழ்ச்சிப் பட்டியலைத்தான். தேதி, இடம், பாடகர், டிக்கெட் பொத்தான். பிடித்த கலைஞர் ஊருக்கு வந்தால் தகவல் அனுப்பும் வேலையை 2007-இல் தொடங்கிய சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் ஆகிய இரண்டு சேவைகளும் எப்போதோ செய்து முடித்துவிட்டன.

சென்னை மார்கழி சீசனைப் பாருங்கள். பட்டியலுக்கா அங்கே பஞ்சம்? மத்தியானம் இளையவர்களின் இலவசக் கச்சேரி, நாலு மணிக்கு அடுத்த படியில் இருப்பவர்கள், சாயங்காலம் பெரிய வித்வான்கள். மியூசிக் அகாதமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில், வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் தி. நகரில். எங்கே யார் பாடுகிறார் என்பது ரசிகருக்கு மனப்பாடம். கூட யார் வருவார் என்பதுதான் தெரியாது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கிறார்: "வெள்ளிக்கிழமை யாராவது வர்றீங்களா?" ஒருவர் கட்டைவிரலைக் காட்டுகிறார். இன்னொருவர் "பார்க்கலாம்" என்கிறார். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். கேட்டவருக்கு முகம் வாடிவிடுகிறது. அடுத்த தடவை கேட்க மாட்டார். இத்தனைக்கும் பேசாமல் இருந்தவர்களில் இரண்டு பேருக்காவது உள்ளூர ஆசை இருந்திருக்கும்.

செயலி தீர்க்கவேண்டிய சிக்கல் இதுதான் என்பேன். அந்தக் காலத்துக் கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக விசாரிப்பார்; இருபுறமும் இசைந்தால்தான் பேச்சையே எடுப்பார். அதேபோல, ஒரு கச்சேரியின் மேல் "ஆசை" என்று அழுத்தினால் அது யாருக்கும் தெரியக்கூடாது. நம் வட்டத்தில் இன்னொருவரும் அழுத்தும்போது இருவருக்கும் சேதி போகவேண்டும். வட்டத்தில் யார் யார் என்பதை இருவரும் சம்மதித்து முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் மேலாளர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவரையும் நான் சேர்க்க மாட்டேன். அது என் சொந்தப் பிடிவாதம்.

ஆசை வேறு, வருகை வேறு. ஃபேஸ்புக்கில் "ஆர்வம்" என்று அழுத்தியவர்களை நம்பி நாற்காலி போட்டால் பாதி காலியாகத்தான் கிடக்கும். அழுத்துவதற்குச் செலவில்லையே. ஆகவே "வருகிறேன்" என்பதற்கு ஒரு கெடு வேண்டும், பங்குப் பணமும் வேண்டும். நாலு பேருக்கும் ஒருவர் டிக்கெட் எடுத்தால், மற்ற மூவரின் பங்கும் யுபிஐ வழியாக அப்போதே அவருக்குப் போய்ச் சேரவேண்டும். கச்சேரி முடிந்த பிறகு நண்பனிடம் பணம் கேட்பதைப் போலச் சங்கடம் வேறில்லை.

அரங்கத்துக்கு வந்துவிட்டால் எந்த வாசல், எந்த வரிசை என்பதைத் தாண்டிச் செயலிக்கு வேலை இல்லை. இருக்கும் இடத்தை நேரலையில் காட்டுவதானால், எல்லோரும் வந்து சேர்ந்ததும் அது தானே அணைந்துவிட வேண்டும். ஆலாபனை நடுவே டிங் என்று ஒலித்தால் போனைப் பிடுங்கி எறியலாம் என்று தோன்றும்.

கடைசியில் ஒரு தொல்லை: நண்பர்கள் இல்லாத செயலி வெறும் கூடம். நிறுவினால்தான் பதில் சொல்லலாம் என்றால் யாரும் நிறுவ மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டதும் பக்கம் திறக்கட்டும், அங்கேயே பதில் சொல்லட்டும். நண்பர்கள் வந்து சேரும்வரை தனியாள் ஒருவருக்கும் செயலி உதவவேண்டும். பாடிய உருப்படிகளையும் ராகங்களையும் நோட்டில் எழுதிவைக்கும் ரசிகர்கள் நிறைய உண்டு. அந்த நோட்டைச் செயலிக்குள் கொடுங்கள்.

நிரல் எழுதுவதற்கு முன் வரும் டிசம்பரில் நீங்களே செயலியாக இருந்து பாருங்கள். தெரிந்த பத்துப் பன்னிரண்டு ரசிகர்களிடம் தனித்தனியே ஆசையைக் கேட்டு வாங்கி, பொருந்துகிற இருவருக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லுங்கள். எத்தனை ஜோடி உண்மையில் சபா வாசலுக்கு வந்து சேர்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். திரையை எப்படி வரைவது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.