'யார்', 'யாரை': பிரெஞ்சு வினாப்பெயரும் மலையகத் தமிழும்

இலக்கணத்தைச் சமூகத்திற்குப் புறம்பான விதித்தொகுதியாகக் கொள்ளும் மரபு நம்மிடையே வலுவானது. மாந்தரைக் குறித்து வினவப் பிரெஞ்சு கையாளும் வினாப்பெயரைத் தலவாக்கலைத் தோட்டத் தமிழோடு ஒப்புநோக்கின் அம்மரபின் போதாமை புலப்படும்.

பிரெஞ்சில் 'யார்' என்பதற்குரிய சொல் 'கி'. பால், எண், வேற்றுமை எதற்கும் அது உருமாறுவதில்லை. எழுவாயாக நிற்கையில் வினையும் பெரும்பாலும் ஒருமையே. கொழுந்து பறித்தோர் நூறு பேராயினும் 'பறித்தது யார்' என்பதற்கு ஒருமை வினையே வரும். தொழிற்பாட்டைத் தெளிவாக்குவது விரிந்த வடிவமாகும். 'கி எஸ் கி' செய்தவரை வினவும்; 'கி எஸ் க' செயலுக்கு உள்ளானவரை வினவும். முதலிலுள்ள 'கி', வினவப்படுவது ஆளே, பொருளன்று என உணர்த்தும். இறுதியில் வரும் 'கி' அல்லது 'க', அவ்வாள் எழுவாயா செயப்படுபொருளா என்பதை உணர்த்தும். தமிழ் ஓர் ஐயுருபினால் முடிப்பதைப் பிரெஞ்சு இவ்வாறு சுற்றி வளைத்துச் செய்கிறது. 'யாருக்கு', 'யாருடன்' என்பனவற்றிற்கு இடைச்சொல்லை முன்னே நிறுத்தி 'அ கி', 'அவெக் கி' என்பர்.

தமிழோ வினாவிலேயே மதிப்பையும் ஏற்றிவிடுகிறது. யார், எவர் ஒருபுறம். எவன், எவள் மறுபுறம். பிரட்டுக்களத்தில் துரையைக் குறித்து 'எவன்' எழுவதில்லை. தொழிலாளியைக் குறித்து எழும். 'கி' இவ்வேற்றத்தாழ்வைக் காட்டாது. அதனால் பிரெஞ்சுச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வில்லை எனத் துணிதல் பேதைமை. அங்கு அது 'த்யு', 'வூ' என்னும் முன்னிலைப் பெயர்களிற் குடியிருக்கிறது.

எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்குமுள்ள வேறுபாடு வரலாற்றிலும் கூர்மையானது. 1956இல் கைச்சாத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, புதுச்சேரியிற் பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுத் தேசியத்தவர் ஆறு மாதத்துள் எழுத்துமூலம் அறிவித்து அத்தேசியத்தைத் தொடர வழிவிட்டது. தெரிவு செய்பவர் யார் என்பதே அங்கு வினா. அதே தமிழ் பேசிய மலையகத் தொழிலாளரோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை 975,000 எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பின்னைய பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டனர். இங்கு வினா, 'யாரை அனுப்புவது?' விண்ணப்பப் படிவம் பின்னரே வந்தது. தொகை அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. எஞ்சிய நாடற்றோர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தனர்.