ஆட்டுக்கு மாலை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போனால், எல்லைக்குச் சற்று முன்னால் வருவது கனகசெட்டிக்குளம். அங்கே டீக்கடை பெஞ்சில், பேரனின் செல்போனை எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "மெஸ்சி படத்துக்குக் கீழ எதுக்குடா ஆட்டைப் போட்டு வெச்சிருக்கானுங்க? திட்டுறானுங்களா?"

"திட்டு இல்ல தாத்தா, பாராட்டு." எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்தவர் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கோட்', அதாவது ஆடு. விஜய் படத்துக்குக்கூட அதே பேர்தான் என்றான் பையன். பெரியவர் மசியவில்லை. "வெட்டுறவன்தான்டா ஆட்டுக்கு மாலை போடுவான்."

சரித்திரம் அவர் பக்கம். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க பேஸ்பால் உலகில் 'கோட்' என்றால் தோல்விக்குக் காரணமானவன்; நம் பேச்சில் பலிகடா. குத்துச்சண்டைக்காரர் முகம்மது அலியோ 'நானே தலைசிறந்தவன்' என்று ஊரெல்லாம் முழங்கியவர். 1992இல் அவர் மனைவி லோனி அலி தொடங்கிய நிறுவனத்துக்கு அந்த நான்கு ஆங்கில எழுத்துகளே பெயராயின. காலப்போக்கில் வசவு வாழ்த்தாகிவிட்டது. நம் 'நாற்றம்' எதிர்த்திசையில் போயிற்று: சங்கப் பாட்டில் பூமணம், இன்று சாக்கடை.

காலம் மட்டுமா, ஆளும் பொருளை மாற்றுவார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நம் இலக்கணக்காரர்கள் குழூஉக்குறி என்றார்கள். கூட்டத்துக்குள் புழங்கும்வரை வம்பில்லை. வெளியே கசிந்தால்தான் தகராறு.

2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் எடின்சன் கவானி, வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'நன்றி, நெக்ரிட்டோ' என்று எழுதினார். அவருடைய உருகுவேயில் அது செல்லச்சொல். இங்கே பிள்ளையை 'கருப்பா' என்று கொஞ்சுவதில்லையா? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இனவசை என்று கொண்டு, 3 ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் தேசிய மொழிக் கழகமே கண்டன அறிக்கை விட்டது.

அதே உருகுவேயைச் சேர்ந்த இன்னொரு வீரர் லூயிஸ் சுவாரெஸ், 2011 அக்டோபரில் லிவர்பூல் மைதானத்தில் எதிரணி வீரர் பாட்ரிஸ் எவ்ராவோடு நடந்த வாய்த்தகராறில் 'நெக்ரோ' என்றார். சங்கத்தின் விசாரணைக் குழு இரண்டு மொழி வல்லுநர்களைக் கேட்டது. நண்பர்களுக்குள் அது அன்பாக இருக்கலாம், எவ்ரா விவரித்தபடி சண்டையில் சொல்லியிருந்தால் வசவுதான் என்றார்கள் அவர்கள். 115 பக்கத் தீர்ப்பு, 8 ஆட்டத் தடை. ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய உரை எழுத நச்சினார்க்கினியருக்கே மனம் வந்திருக்காது! என்னைக் கேட்டால் சுவாரெஸ் தீர்ப்பு சரி. கவானி விஷயத்தில் சொல்லைப் பார்த்தார்கள், யார் யாரிடம் சொன்னார் என்பதைப் பார்க்கவில்லை.

டீக்கடையில் விசாரணை முடியவில்லை. "அவன் பெனால்டியக் கோட்டை விட்டான்னு வெச்சுக்க. அப்பவும் ஆடு போடுவானுங்களா?"

"போடுவானுங்க தாத்தா. அப்பதான் நிறைய போடுவானுங்க."

"அதே ஆடா?"

"அதே ஆடுதான்."

"அப்ப அதுக்கு என்னடா அர்த்தம்?"

பையன் தலையைச் சொறிந்தான். "யாரு போட்டதுன்னு பாத்துட்டுதான் சொல்லணும்."