திருத்தம் ஏன் கூடவே வருவதில்லை?

லைட்ரூமில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிழல்களைத் துலக்கி, வானத்தின் நீலத்தைச் சரிசெய்கிறோம். கேமரா தந்த அதே ரா கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்தால், படம் பழையபடி மங்கிக் கிடக்கிறது. உழைப்பெல்லாம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. லைட்ரூம் மூலப்படத்தின் மேல் கைவைப்பதே இல்லை; என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. கேட்டுக்கொண்டால் அதை எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பாகவும் பக்கத்திலேயே போட்டுவைக்கும். அதைத் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துதான். ‘ஷேடோஸ்2012’ என்ற பெயருக்கு நேரே +40 என்றிருக்கும். 2012 என்பது லைட்ரூமின் இந்தத் திருத்தக் கணக்குமுறை வந்த ஆண்டு. அதே கோப்பில் இருக்கும் நட்சத்திர மதிப்பும் குறிச்சொல்லும் மற்ற மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் +40 என்றால் நிழலை எவ்வளவு தூக்குவது? அது லைட்ரூமின் சொந்தக் கணக்கு. டார்க்டேபிள் போன்ற வேறு மென்பொருளின் கணக்கு வேறு.

அதனால், சமையல் குறிப்பை அல்ல, சமைத்த பண்டத்தையே கொடுத்தனுப்ப வேண்டும்: திருத்திய படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக. ஒவ்வொரு நிறத்துக்கும் அதில் 65,536 படிகள், ஜேபெக்கில் 256தான். அந்தி வானத்தை ஜேபெக்கில் அனுப்பி மறுபடி இழுத்துத் திருத்தினால் பட்டை பட்டையாகக் கோடு விழும். டிஃப் பெரிதாக இருந்து இடத்தை அடைக்கிறதே என்று ரா கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.